செய்தவன் இல்லையென்றால் கடன் யாருடையது?

போன மாதம் காரைக்குடியில் எங்கள் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு நடத்தினோம். அப்பத்தாவுக்குப் புதுச் சேலை, ஐயாவுக்கு வேட்டி, இலை நிறையச் சாப்பாடு எல்லாம் வைத்துக் கும்பிட்டு எழுந்தபோது, பேரன் முறையுள்ள பையன் ஒருவன் என்னைப் பட்டாலைப் பக்கம் அழைத்துப்போனான். பெங்களூரில் வேலை பார்க்கிறவன். மணிமேகலையில் தொடங்கி, பௌத்த நூல்களைத் தானாகத் தேடிப் படிக்கிறவன்.

“ஐயா, ‘செயல் உண்டு, செய்பவன் இல்லை’ என்று விசுத்திமக்கம் என்ற பாலி நூலில் இருக்கிறது. ஆன்மாவே இல்லையென்றால் தப்புச் செய்தவன் என்று யாரைச் சொல்வது? நேற்றுச் செய்தது நான் இல்லை என்று கைகழுவிவிடலாமே? அப்புறம் புத்தர் எதற்காக இத்தனை சீலம் சொன்னார்? அதுவும் போகட்டும், இப்போது நாம் வைத்த சேலை யாருக்கு?” என்று கேட்டான்.

அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். கல்லூரியில் முப்பது வருடம் தத்துவம் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். ஒருமுறைகூட மணி அடிப்பதற்குள் அதை முடித்ததில்லை.

அப்பா, உனக்கு முன்பே ஒரு பிக்கு இதைக் கேட்டுவிட்டார், அதுவும் புத்தர் இருக்கும்போதே. சாவத்தி நகரத்தில், மிகாரமாதாவின் மாளிகையில், ஒரு பௌர்ணமி இரவு. மனிதனை ஆக்கும் ஐந்து கூறுகளான ஐங்கந்தங்களில் எதுவும் ஆன்மா அல்ல என்று புத்தர் விளக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு பிக்குவின் மனத்தில் ஓர் எண்ணம் ஓடுகிறது: உடம்பு ஆன்மா அல்ல, அறிவும் ஆன்மா அல்ல என்றால், ஆன்மா அல்லாதவை செய்த வினைகள் எந்த ஆன்மாவைப் போய்த் தொடும்? புத்தர் அதை அறிந்து, ‘ஆசிரியனின் போதனையையே தாண்டிவிட்டதாக அறியாமையில் ஒருவன் நினைக்கக்கூடும்’ என்று கண்டிக்கிறார். பிறகு நேரான பதில் எதுவும் சொல்லாமல், ‘உருவம் நிலையானதா, நிலையற்றதா?’ என்று மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பிக்கிறார்.

இளவயதில் இதைப் படித்தபோது புத்தர் நழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிக்குவின் கேள்வியிலேயே ஓர் ஆள் ஒளிந்திருக்கிறான். ஐந்தும் செய்த வரவு செலவை எல்லாம் வாங்கிக்கொள்ள, ஐந்துக்கும் வெளியே ஒரு கணக்குக்காரன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். அவன் இருந்தே தீரவேண்டுமா என்பதுதானே வழக்கு.

புத்தர் எதை மறுத்தார் என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள். சாரநாத்தில் முதல் ஐந்து சீடர்களுக்குச் சொன்ன அனத்தலக்கண சுத்தத்தில், அதாவது அனத்தா (ஆன்மா இல்லை) என்பதை விளக்கும் உரையில், வாதம் எளிமையாக வருகிறது. இந்த உடம்பு ஆன்மாவாக இருந்தால், ‘என் உடம்பு இப்படி ஆகட்டும், இப்படி ஆகவேண்டாம்’ என்று கட்டளையிட முடியும். முடியவில்லை, அது நோய்ப்படுகிறது. மற்ற நான்கும் அப்படியே. மணிமேகலை இந்த ஐந்தை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று சொல்லும்.

நாம் சைவர்கள். மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, ‘எனது உடல் என்றலின்’. என் வீடு என்று சொல்கிறவன் வீடு ஆகமாட்டான். அதுபோல ‘என் உடல்’ என்று சொல்கிறவன் உடலுக்கு வேறானவன். நல்ல வாதம். பௌத்தன் அதே ‘எனது’ என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘உன்னுடையது என்கிறாயே, அது உன் பேச்சைக் கேட்கிறதா?’ என்கிறான். ஒரே சொல்லில் மெய்கண்டார் உடைமையைப் பார்க்கிறார், புத்தர் அதிகாரத்தைப் பார்க்கிறார். அவர் மறுத்தது உள்ளே மாறாமல் வீற்றிருக்கும் அந்த அதிகாரியைத்தான். நடக்கிற, உண்கிற, பேசுகிற ஆளை அவர் மறுக்கவே இல்லை.

இதற்கும் சான்று உண்டு. ‘தானாகச் செய்வது என்று ஒன்றும் இல்லை, பிறர் செய்வது என்றும் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு ஒரு பிராமணன் அவரிடம் வந்தான். அனத்தா பேசுகிறவர் மகிழ்ந்துபோய் ஒத்துக்கொள்வார் என்றுதானே நினைப்போம்? ‘இப்படி ஒரு கொள்கையை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. நீயே நடந்து வருகிறாய், நீயே திரும்பிப் போகிறாய். பிறகு எப்படி அப்படிச் சொல்வாய்?’ என்று கேட்டுவிட்டார். தொடங்கும் ஆற்றல், முயலும் ஆற்றல் என்பவை மனிதரிடம் இருப்பது கண்கூடு என்று விளக்கினார். எல்லாம் விதிப்படி என்ற மக்கலி கோசாலரின் கொள்கையை, கொள்கைகளிலேயே மிகத் தாழ்ந்தது என்று சொன்னவரும் அவரே.

அப்படியானால் ஆன்மா இல்லாமல் பொறுப்பு எப்படித் தொடரும்? இதற்கு நம் ஊர்க்காரனுக்குப் பாலி நூல் தேவையில்லை. நம் கடை விலாசம், அதாவது கடைக்கு அடையாளமாக வைத்த பெயரெழுத்துகள், போதும்.

என் பாட்டனாரான ஐயா பர்மாவில் இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாள் ஆனவர். அந்த விலாசத்தின் எழுத்துகள் கடையைத் தொடங்கியவரின் தகப்பனார், பாட்டனார் பெயர்களிலிருந்து வந்தவை. அவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு மேலாள் ஊருக்குத் திரும்புவார், புதியவர் கப்பலேறுவார். பையன்கள் மாறுவார்கள். முதல் போட்ட பங்காளிகளில் ஒருவர் விலகுவார், இன்னொருவர் சேர்வார். கிட்டங்கியே வேறு தெருவுக்கு மாறும். பேரேடு தீர்ந்தால் புதுப் பேரேடு போடுவார்கள். இதில் எதைத் தொட்டு ‘இதுதான் கடை’ என்பாய்? நாகசேனர் என்ற பிக்கு மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று கேட்டது இதைத்தான்.

ஆனால் புதிதாக வந்து இறங்கிய மேலாளிடம் ஒருவன் பத்திரத்தை நீட்டினால், ‘இந்தப் பணத்தை நான் வாங்கவில்லை, வாங்கியவர் தேவகோட்டையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அங்கே போய்க் கேள்’ என்று அவர் சொல்ல முடியுமா? சொன்னால் அன்றைக்கே கடையின் நாணயம் போயிற்று. பழைய பேரேட்டின் நிலுவை புதிய பேரேட்டின் முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வர எந்த ஆன்மாவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கத்தின் கடைசி எண் அடுத்த பக்கத்தின் முதல் எண்ணுக்குக் காரணமாக இருந்தது, அவ்வளவுதான்.

மிலிந்தன் இதே இடத்தில் நாகசேனரை மடக்கப் பார்த்தான். அவர் மாம்பழத் திருடன் கதையைச் சொன்னார். பிடிபட்ட திருடன், ‘இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய், இவர் பொருளை நான் எடுக்கவில்லை’ என்று வாதாடுகிறான். அரசே, அவனை விடுவீரா? விடமாட்டேன், நட்டதிலிருந்துதானே இது வந்தது என்கிறான் மன்னன். இரவெல்லாம் எரிந்த விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா என்ற கேள்வியும் அங்கேதான் வருகிறது. ஒன்று என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது. செய்தவனே அனுபவிக்கிறான் என்றால் அது ஒரு கோடி. ஒருவன் செய்ய வேறொருவன் அனுபவிக்கிறான் என்றால் அது மறு கோடி. இரண்டையும் விலக்கி, ‘இது இருக்க அது தோன்றும்’ என்று புத்தர் நடுவில் போகிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு என்று வினைப்பயன் வரை பௌத்த ஆசான் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பன்னிரண்டு சார்புகள் அந்த நடுவழியின் வரைபடம்.

விலாசத்தின் உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும் என்பதையும் சொல்லவேண்டும். கடைக்கு வெளியே கோர்ட்டு இருந்தது, ஊர் இருந்தது, கடனைக் கேட்க ஆள் இருந்தான். வினைக்கு அப்படி வெளியே யாரும் இல்லை. ‘சேதனையையே நான் கர்மம் என்கிறேன்’ என்றார் புத்தர். எண்ணித் துணிவதே வினை. வேள்வியில் நெய் சொரிவதையும் உடம்பை வருத்துவதையும் வினையின் மையமாக வைத்திருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று யோசித்துப் பார்.

எண்ணுகிறவன் இல்லாமல் எண்ணமா என்று நீ உடனே கேட்பாய். இங்கே நம் மொழியையே கொஞ்சம் கவனி. எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தூக்கம் வருகிறது. எனக்குக் கோபம் வந்தது. இவற்றில் எதையும் ‘நான்’ செய்யவில்லை, எனக்கு நடக்கிறது. கோபத்தை நான் கூப்பிடவில்லை, வந்தது. ஆனால் அடுத்த வாக்கியம் ‘நான் அடித்தேன்’. ‘எனக்கு’ என்பது ‘நான்’ ஆக மாறிவிட்டது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் நூலிழை இடைவெளியில்தான் சேதனை இருக்கிறது, அறம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வந்த கோபத்தைக் கோபம் என்று கண்டுகொண்டவனுக்கு அந்த இடைவெளி விரியும், காணாதவனுக்கு அது இருப்பதே தெரியாது. பௌத்தப் பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியை அகலப்படுத்தும் வேலை. அதைச் செய்ய உள்ளே ஒரு முதலாளி தேவையில்லை, பழக்கமும் கவனமும் நல்ல சேர்க்கையும் போதும். தொல்காப்பியர்கூட ஒரு தொழில் நிகழக் காரணங்கள் எட்டு என்று அடுக்கும்போது, வினை, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்பவற்றோடு ‘செய்வது’ என்பதையும் எட்டில் ஒன்றாகத்தான் வைக்கிறார், அதுவும் அஃறிணையில். அவர் பௌத்தம் பேசவில்லை, இலக்கணம் பேசினார். ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

மணிமேகலையில் உன் கேள்விக்கு நேரான இடம் ஒன்று இருக்கிறது. பலரும் கதையின் வேகத்தில் தாண்டிப்போய்விடுகிறார்கள். தன் மனைவி காயசண்டிகையின் உருவத்தில் இருக்கும் மணிமேகலையை மனைவி என்றே நம்பி, சோழ இளவரசன் உதயகுமரனை அவளுடைய காதலன் என்று நினைத்து, விஞ்சையன் (வித்தியாதரன்) காஞ்சனன் வாளால் வெட்டிக் கொன்றுவிடுகிறான். கண்ட காட்சியே பொய். பொய்க் காட்சியிலிருந்து சினம், சினத்திலிருந்து வாள். கொல்லப்பட்ட உதயகுமரனும் கணக்கில்லாதவன் அல்லன். முற்பிறப்பில் அவன் இராகுலன். முனிவருக்குச் சமைத்த மடையன் கால் தடுமாறி விழுந்து கலங்களைச் சிதைத்தான் என்று, அவனை வாளால் துணித்தவன். அந்த வினைதான் இப்போது வாளாக வந்தது.

அப்படியென்றால் காஞ்சனன் வெறும் கருவி, அவன்மேல் குற்றமில்லை என்றுதானே கணக்கு முடியவேண்டும்? தூணில் இருந்து பேசும் தெய்வமான கந்திற்பாவை முடிக்கவிடவில்லை. ஊழ்வினைதான் வந்து உதயகுமரனின் உயிரை உண்டது, ஆயினும் ‘வெவ்வினை செய்தாய் விஞ்சைக் காஞ்சன! அவ்வினை நின்னையும் அகலாது ஆங்கு உறும்’ என்கிறது. இந்த ‘ஆயினும்’ என்ற ஒரு சொல்லுக்காகவே மணிமேகலை பாடிய சாத்தனாரை நான் தத்துவப் புலவர் என்பேன். இறந்தவனின் பழைய வினை அவன் சாவை விளக்கும். கொன்றவனின் கையை அது கழுவாது. அவனுடைய சேதனை அவனுடைய தொடரில் புதிதாக விதைக்கப்பட்டது. ‘அவன் தலையெழுத்து, அனுபவிக்கிறான்’ என்று பிறர் துன்பத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் இந்த ‘ஆயினும்’ என்பதைப் படிக்கவேண்டும். வினைக் கொள்கையை அப்படிப் பயன்படுத்துவதைக் கேட்டால் எனக்கு இந்த வயதிலும் ஆத்திரம் வருகிறது.

இந்தக் காவியம் நமக்கு அயலானது என்று நினைக்காதே. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது நம் மரபு. மணிமேகலை அந்தப் பட்டினத்து வணிகன் கோவலனின் மகள். சோழநாட்டுக்காரரான புத்ததத்தர் என்ற பாலி உரையாசிரியர் காவிரிப்பட்டினத்து விகாரை ஒன்றில் இருந்தபடி எழுதியவர். நாம் விட்டுவந்த ஊரில் இந்த விவாதம் அன்றாடப் பேச்சாக இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் பார். பொறுப்புக்கு மாறாத ஆன்மா வேண்டும் என்கிறோமே, மாறாத ஒன்றை வினை எப்படித் தொடும்? தொட்டால் அது மாறிவிட்டது. தொடாவிட்டால் நல்வினையும் தீவினையும் அதற்கு ஒன்றுதான். புத்தர் காலத்தில் பகுத கச்சாயனர் என்றொருவர், உலகம் என்றும் அழியாத ஏழு பொருள்களால் ஆனது, உயிரும் அவற்றில் ஒன்று என்றார். ஆகவே கூரிய வாளால் ஒருவன் தலையை வெட்டினாலும் யாரும் யாரையும் கொல்லவில்லை, வாள் அந்த ஏழுக்கும் இடையே உள்ள வெளியில் புகுந்து போகிறது, அவ்வளவே என்றார். கொலைகாரனே இல்லை என்ற முடிவு, அழியாத உயிர் ஒன்றை ஏற்றுக்கொண்டவரிடமிருந்துதான் வந்தது.

அங்குலிமாலனை எடுத்துக்கொள். கொலைகாரனாக இருந்து பிக்கு ஆனவன். பிச்சைக்குப் போன இடத்தில் கல்லும் ஓடும் பட்டு, தலை உடைந்து, ரத்தம் வழியப் பாத்திரமும் உடைந்து திரும்புகிறான். ‘அந்த ஆள் இப்போது இல்லை, உனக்கு எதற்கு இந்த அடி’ என்று புத்தர் சொல்லவில்லை. ‘பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள்’ என்றார். உன் வினையின் பயனை இங்கேயே அனுபவிக்கிறாய் என்றார். அதே வாயால்தான் அவனைச் சங்கத்திலும் சேர்த்திருந்தார். உள்ளே மாறாத ஒரு ‘கொலைகார அங்குலிமாலன்’ இருந்திருந்தால் சேர்த்திருக்க முடியாது. தொடர்ச்சியே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்க முடியாது.

இதெல்லாம் சொல்லியும் ஓர் இடம் நெருடுகிறது. அதை மறைத்தால் நான் உனக்கு ஆசிரியன் அல்லன். கணந்தோறும் எல்லாம் அழிந்து தோன்றுகிறது என்றால் செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் இன்னொருவன் ஆகிவிடுமே என்று நம் சைவ சித்தாந்திகள் கேட்டார்கள். சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் பௌத்தரை விடாமல் துரத்துகிறது. சமணரின் நீலகேசிக் காவியமும் பௌத்தரை வாதுக்கு இழுத்தது. வெளியார் மட்டும் அல்ல, பௌத்தருக்குள்ளேயே வாத்சீபுத்திரீயர் என்ற பிரிவினர் கந்தங்களோடு ஒன்றும் அல்லாத, அவற்றிலிருந்து வேறும் அல்லாத ‘புத்கலன்’ என்ற ஆள் ஒருவன் உண்டு என்று சொல்லவேண்டியதாயிற்று. பௌத்த ஆசிரியர் வசுபந்து தன் அபிதர்மகோசம் என்ற நூலின் முடிவில் ஒரு பகுதி முழுவதையும் அவர்களை மறுக்கவே செலவிட்டார். நெருடல் இல்லாத இடத்தில் இவ்வளவு மை செலவாகாது.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். பொறுப்பு என்ற சொல்லில் நாம் இரண்டைக் கலந்து வைத்திருக்கிறோம். செய்ததைத் தீர்க்கவேண்டும், இனிச் செய்யாமல் இருக்கவேண்டும் என்பது ஒன்று. அவன் துன்பப்பட்டே ஆகவேண்டும், அதுதான் நியாயம் என்ற வேட்கை இன்னொன்று. முதலாவதற்கு விலாசம் போன்ற தொடர்ச்சி போதும். அனத்தாக் கொள்கை அதைக் குறைக்கவில்லை. இரண்டாவது நிற்க, உள்ளே ஒரு நிலையான குற்றவாளி வேண்டும். அவன் இல்லையென்று ஆனதும் அந்த வேட்கைக்குக் கால் ஊன்ற இடமில்லை. பித்தத்தால் உடம்பு வலித்தால் பித்தத்தின்மேல் நாம் கோபப்படுவதில்லையே, காரணங்களால் உந்தப்பட்ட மனிதன்மேல் மட்டும் ஏன் என்று பௌத்தத் துறவி சாந்திதேவர் எட்டாம் நூற்றாண்டில் கேட்டார். இதைப் பௌத்தத்தின் நஷ்டம் என்கிறவர்கள் உண்டு. நான் லாபத்தில்தான் எழுதுவேன். சித்தாந்தியின் கேள்விக்கு இது முழு விடை ஆகாது என்பதும் தெரியும். மறுபிறப்பில், நினைவே இல்லாத இடத்தில், ‘என்’ வினை என்று ஏன் அஞ்சவேண்டும் என்பதற்குப் பௌத்தர் சொல்லும் பதில் எனக்கு இன்றும் பாதிதான் நிறைகிறது.

சேலையைப் பற்றிக் கேட்டாயே. அதற்கு ஐயாவின் பேரேட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஐயா அடுத்த ஆண்டு கால்நடையாக வந்து சேர்ந்தார். வரும்போது கையில் கொண்டுவந்தது ஒரு குறிப்புப் புத்தகம் மட்டும். அதில் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த ஒருவர் கடையில் இட்டுவைத்த பணம் வரவாக எழுதியிருக்கிறது. அவர் ஊர் திரும்பவில்லை. ஐயாவும் சில வருடங்களில் போய்விட்டார். கடை போயிற்று, நிலம் போயிற்று, பத்திரத்தை வைத்துக் கேட்க யாரும் இல்லை. பல வருடம் கழித்து என் அப்பச்சி (தகப்பனார்) அந்தக் குறிப்பைப் பார்த்து, அந்த ஊரைத் தேடிப் போய், அந்த மனிதரின் மகனைக் கண்டுபிடித்து, வட்டி சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மகனுக்கு அப்படி ஒரு பணம் இருந்ததே தெரியாது. கையில் வாங்கிக்கொண்டு, ‘நீங்க யாரு?’ என்றுதான் முதலில் கேட்டாராம்.

அப்பச்சி தன் பெயரைச் சொல்லவில்லை. விலாசத்தைச் சொன்னார். திரும்பி வந்து அந்த வரிக்கு எதிரே தேதி போட்டுப் பற்று எழுதினார். அந்தப் புத்தகம் இரண்டாம் கட்டு அலமாரியில் இருக்கிறது; பொங்கலுக்கு வரும்போது எடுத்துக் காட்டுகிறேன்.